மியூட்டில் இருப்பதாக நினைத்துப் பேசியது எல்லோருக்கும் கேட்டுவிட்டால் என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். வாராந்திரக் காணொளிக் கூட்டத்தில் மைக் அணைந்திருக்கிறது என்ற நம்பிக்கையில், அறையில் இருந்தவரிடம் "இந்த மனுஷன் சொன்னதையே எத்தனை தடவை சொல்வார்" என்று சொல்லிவிட்டீர்கள். அது பேசிக்கொண்டிருந்த மேலாளர் உட்பட எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் கூட்டம் தொடர்ந்தது. "இனிமேல் எப்போதும் மியூட்டிலேயே இருந்துவிடலாமா, இதற்கென்று ஏதாவது செட்டிங் இருக்கிறதா?" என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியை முழுதாகப் படித்தால் உங்களை உறுத்துவது செட்டிங் மட்டும் இல்லை, மேலாளர் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்பதும்தான். இரண்டுக்கும் சொல்கிறேன். முதலாவதில் பெரும்பகுதி தொழில்நுட்பம், அதில் உறுதியாகப் பேச முடியும். இரண்டாவதில் நான் சொல்லப்போவது அனுபவத்தில் உருவான என் கருத்து, அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய இணையக் கூட்டங்களைப் பின்னணியில் இருந்து நடத்திக்கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. யாருடைய மைக் திறந்திருக்கிறது, எங்கிருந்து எதிரொலி வருகிறது என்று கூட்டம் முடியும்வரை கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை அது. இதனால் உங்கள் வேலைக்கே ஆபத்து வருமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது பணிச் சட்டம், உங்கள் நிறுவனத்தின் விதி சம்பந்தப்பட்டது, என் துறை கிடையாது. அதை அந்தத் துறை தெரிந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஒன்று. கவனக்குறைவால் நடந்துவிட்டது என்று உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். கவனமாக இருப்பவர்களுக்கும் இது நடக்கிறது, ஏனென்றால் ஒருவர் குரலுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும் மியூட் ஒன்று இல்லை. ஹெட்செட்டில் ஒரு பொத்தான் இருக்கும், செயலியில் ஒன்று இருக்கும், கணினியின் ஒலி அமைப்புக்குள் இன்னொன்று இருக்கும். சில ஹெட்செட்களில் வாய்க்கு முன்னால் இருக்கும் குச்சியை மேலே தூக்கினாலே மைக் அணைந்துவிடும். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. குறிப்பிட்ட செயலியோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்ட ஹெட்செட் என்றால் பொத்தானை அழுத்தியதும் திரையிலும் சிவப்புக் கோடு விழும். மற்றவற்றில் ஹெட்செட் ஒன்று சொல்லும், திரை வேறொன்று சொல்லும். இதில் இன்னொரு சிக்கல், திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே பொத்தான். இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதில் மனம் ஒரு தடவை தப்பிவிட்டால், மூடுவதாக நினைத்துத் திறந்துவிடுவோம்.

இதைவிட மோசமானது, செயலி உங்கள் ஹெட்செட்டின் மைக்கையே பயன்படுத்தாமல் இருப்பது. காதில் சத்தம் ஹெட்செட் வழியாக வரும், ஆனால் உங்கள் குரலை எடுப்பது லேப்டாப்பின் உள் மைக். அப்போது ஹெட்செட் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு பயனும் இல்லை. ப்ளூடூத் ஹெட்செட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டால், பல செயலிகள் நம்மைக் கேட்காமலே லேப்டாப் மைக்குக்கு மாறிவிடும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னால் செயலியின் ஆடியோ செட்டிங்கைத் திறங்கள். மைக்குக்கு எதிரே, சத்தத்துக்கு ஏற்ப நீளும் ஒரு பட்டை தெரியும். ஹெட்செட் மைக்கை நகத்தால் மெல்லத் தட்டுங்கள், பிறகு லேப்டாப்பின் விசைப்பலகைக்கு அருகே தட்டுங்கள். எதைத் தட்டும்போது பட்டை துள்ளுகிறதோ அதுதான் உண்மையில் வேலை செய்யும் மைக். கேட்டவர்கள் யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

திரையில் தெரியும் ஆரஞ்சுப் புள்ளியை நம்பலாமா என்று ஒருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறார். ஐபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், மேக்கில் 2021-இல் வந்த மான்டரே முதல் அந்தப் புள்ளி இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12-இல் அதே வேலையைப் பச்சை அடையாளம் செய்கிறது. ஒரு செயலி மைக்கைப் பயன்படுத்துகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். நம் குரல் மற்றவர்களுக்குப் போகிறதா என்பதை அது காட்டாது. பல செயலிகளில் மியூட் செய்த பிறகும் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் செயலி மைக்கை இன்னும் விடவில்லை. மியூட்டில் இருந்துகொண்டே பேசினால் "நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்" என்று திரையில் வருகிறதே, செயலி கேட்டுக்கொண்டிருந்தால்தானே அதைச் சொல்ல முடியும். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் இதை ஆராய்ந்தார்கள். சோதித்த செயலிகளில் ஒன்றான வெபெக்ஸ், மியூட்டில் இருக்கும்போதும் சத்தத்தின் அளவு பற்றிய விவரங்களைத் தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அது பேச்சு இல்லை, சத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டும்தான். அதை உருவாக்கும் சிஸ்கோ பிறகு அதை நிறுத்திவிட்டது. ஆகவே செயலியில் மியூட் சரியாக விழுந்திருந்தால் கூட்டத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது, இதில் சந்தேகம் வேண்டாம். செயலிக்கும் கேட்கக் கூடாது என்றால் மைக்கையே துண்டிக்கும் சுவிட்ச் உள்ள ஹெட்செட் வேண்டும், அல்லது கம்பியைப் பிடுங்க வேண்டும்.

எப்போது மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நடுக் கூட்டத்தில் எல்லோரும் ஓரளவு விழிப்பாக இருக்கிறார்கள். ஆபத்து இரண்டு ஓரங்களில், அதாவது கூட்டம் தொடங்குவதற்கு முன்பும் முடிந்ததாக நினைத்த பின்பும். இது காணொளிக் கூட்டத்துக்கு முன்பே இருந்த கதை. 1984 ஆகஸ்ட் 11 அன்று வானொலி உரைக்கு முன்னால் மைக்கைச் சோதிக்கும்போது அமெரிக்க அதிபர் ரீகன், ரஷ்யாவின் மீது ஐந்து நிமிடத்தில் குண்டு வீசப்போகிறோம் என்று வேடிக்கையாகச் சொன்னார். ஒலிபரப்பில் போகாத அந்தப் பேச்சு பிறகு வெளியே கசிந்து உலகம் முழுக்கச் செய்தியானது. 2010 ஏப்ரல் 28 அன்று பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன், ஒரு வாக்காளரிடம் பேசிவிட்டுக் காரில் ஏறியதும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கடுமையாகச் சொன்னார். சட்டையில் செருகியிருந்த மைக் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லி நகரத்துப் பள்ளி நிர்வாகக் குழுவினர், பொதுமக்கள் இன்னும் இணையவில்லை என்று எண்ணிக்கொண்டு பெற்றோர்களை ஏளனமாகப் பேசினார்கள். பெற்றோர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில நாட்களுக்குள் அந்தக் குழு முழுவதும் பதவி விலகியது.

கூட்டத்தின் முடிவு எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். ஜூமில் வெளியேறும் பொத்தானை அழுத்தினால் வழக்கமான அமைப்பில் உடனே வெளியேற மாட்டோம், உறுதிப்படுத்தச் சொல்லி இன்னொரு பொத்தான் வரும். கையசைத்து, முதல் பொத்தானை அழுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் பெருமூச்சு விடுகிறார் ஒருவர். "அப்பாடா, ஒருவழியா முடிந்தது" என்கிறார். அவர் முதுகு இன்னும் எல்லோர் திரையிலும் தெரிந்துகொண்டிருக்கும். சாளரம் மூடிவிட்டதைக் கண்ணால் பார்க்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். தொடங்கும்போதும் அப்படித்தான். "இன்னும் யாரும் வரவில்லையே" என்று தோன்றும் நேரத்திலேயே கூட்டத்தின் பதிவோ, தானாகக் குறிப்பெடுக்கும் கருவியோ ஓடத் தொடங்கியிருக்கலாம். கருவியை நிறுத்தாமல் பெரும்பாலானோர் கிளம்பிவிட்டு, மீதி இரண்டு மூன்று பேர் மனம்விட்டுப் பேசினால் அந்தப் பேச்சும் எழுத்தாகி எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்ச் சேரும்.

சரி, செட்டிங். என் ஆலோசனை ஒன்றே ஒன்று: மூடியிருப்பதை இயல்பு நிலையாக வையுங்கள், பேசும்போது மட்டும் விரலால் பிடித்துத் திறங்கள். ஜூமில் மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் மைக் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். கூகுள் மீட்டிலும் அதே வசதியைச் செட்டிங்கில் இயக்கிக்கொள்ளலாம். டீம்ஸில் விண்டோஸ் என்றால் கண்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து. இதில் மறதிக்கு இடமே இல்லை, கை எடுத்ததும் மைக் போய்விடும். ஒரு நிபந்தனை உண்டு, கூட்டத்தின் சாளரம் முன்னால் இருக்க வேண்டும். அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் ஸ்பேஸ் பார் வெறும் இடைவெளியைத்தான் போடும். வேறு கோப்பைத் திரையில் பகிர்ந்துகொண்டு நீண்ட நேரம் விளக்குபவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. அவர்கள் ஷார்ட்கட்டைப் பழகிக்கொள்வது நல்லது. விண்டோஸில் ஜூமுக்கு ஆல்ட் உடன் ஏ, டீம்ஸுக்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட் உடன் எம், மீட்டுக்குக் கண்ட்ரோல் உடன் டி. மீட் உலாவியில் ஓடுவதால், வேறு டேபில் இருந்துகொண்டு கண்ட்ரோல் டி அழுத்தினால் மைக் மூடாது, அந்தப் பக்கம் புக்மார்க் ஆகிவிடும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இவையெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை, உங்கள் செயலியில் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். கூடவே, ஜூமின் ஆடியோ செட்டிங்கில் கூட்டத்தில் நுழையும்போதே மைக் மூடியிருக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

தொலைபேசி வழியாக எண்ணை அழைத்துச் சேர்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்று செயலிகளிலும் ஸ்டார் 6 அழுத்தினால் மியூட், மறுபடி அழுத்தினால் திறக்கும். இன்னொரு அழைப்பு வந்தால் கூட்டத்தை ஹோல்டில் போடாதீர்கள். பல அலுவலகத் தொலைபேசிகளில் ஹோல்டில் போட்டால் இசை ஓடும், அது மொத்தக் கூட்டத்துக்கும் கேட்கும், நிறுத்தச் சொல்லவும் நீங்கள் மறுமுனையில் இருக்க மாட்டீர்கள்.

"நான் இரைச்சலை நீக்கும் வசதியைப் போட்டிருந்தேனே, அப்படியும் எப்படிக் கேட்டது?" என்று நீங்கள் ஆச்சரியப்பட்டிருப்பதற்கு விடை இருக்கிறது. அந்த வசதி பேச்சையும் பேச்சல்லாததையும் பிரித்துப் பார்க்கிறது. மின்விசிறி, விசைப்பலகை, நாய் குரைப்பது எல்லாவற்றையும் அடக்கும். மனிதக் குரலை மட்டும் தெளிவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஆகவே நீங்கள் முணுமுணுத்த வாக்கியம் சுற்றியிருந்த சத்தமெல்லாம் நீங்கி இன்னும் துல்லியமாகப் போயிருக்கும். அறையில் மற்றவர்கள் பேசுவதும் அப்படியே போகும். உங்கள் குரலை மட்டும் பதிந்து வைத்து மற்றக் குரல்களை விலக்கும் வசதி டீம்ஸ் போன்றவற்றில் வந்திருக்கிறது. அது பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கு உதவும், உங்கள் சொந்த வாய்க்கு உதவாது. பேச்சல்லாத சத்தங்களையும் இந்த வசதியை நம்பி விட்டுவிட வேண்டாம். 2020 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதல்முறையாகத் தொலைபேசி வழியே வாதங்களைக் கேட்டது. மே 6 அன்று, ஒரு வழக்கறிஞர் வாதாடிக்கொண்டிருந்தபோது கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் நேரடி ஒலிபரப்பில் எல்லோருக்கும் கேட்டது. யாருடையது என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. ஹெட்செட்டை மேசையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டால் இந்த வகை முழுவதும் நின்றுவிடும்.

அப்படியானால் எப்போதும் மியூட்டிலேயே இருந்துவிடலாமா? எல்லாக் கூட்டத்திலும் வேண்டாம் என்பேன். பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுத்துக்கொள்ளும் இடைவெளி மிகச் சிறியது. 2009-இல் வெளியான ஒரு ஆய்வு 10 மொழிகளை ஒப்பிட்டு, சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் அதைக் கண்டது. இணையத்தில் குரல் போய்ச் சேரவே நேரம் எடுக்கிறது. நல்ல உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டுதல். அதனால்தான் எவ்வளவு நாகரிகமானவர்களும் இணையத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுகிறார்கள். இதன்மேல் மியூட்டை எடுக்கும் நேரமும் சேர்ந்தால் பேச்சின் ஓட்டமே செத்துப்போகிறது. மூன்று நான்கு பேர் அமைதியான இடங்களில் இருந்து பேசும்போது எல்லோர் மைக்கும் திறந்திருப்பதே நல்லது. ஆறேழு பேரைத் தாண்டினால் பேசாதவர்கள் மூடிக்கொள்ள வேண்டும். இந்த எல்லைக்கு ஆதாரம் என் காதுதான். நடத்துபவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்வதை விட்டு, முதலில் பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்டால், கேள்வி முடிவதற்குள் அவர் மைக்கைத் திறந்திருப்பார். இவ்வளவு சின்ன மாற்றம் ஒரு கூட்டத்தை எப்படி மாற்றிவிடுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

எதிரொலி பற்றி ஒரே வரி: உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால் தவறு உங்களிடம் இல்லை, ஸ்பீக்கரில் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேறொருவரின் மைக்கில் இருக்கிறது. உண்டாக்குபவருக்குத் தன் குரல் திரும்பி வராது, அதனால் யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

அதேபோல் ஒருவர் மைக் திறந்திருப்பது தெரியாமல் பேசத் தொடங்கினால் கேட்பவர்களுக்கும் கடமை இருக்கிறது. எவ்வளவு தூரம் போகிறார் பார்ப்போம் என்று காத்திருப்பது கொடுமை. முதல் இரண்டு வார்த்தையிலேயே ஹோஸ்ட் அவர் மைக்கை மூட வேண்டும். அப்புறம் "உங்கள் மைக் திறந்திருந்தது, மூடிவிட்டேன்" என்று தனிச் செய்தி. ஹோஸ்ட்டால் அடுத்தவர் மைக்கை மூட முடியும், அவர் சம்மதம் இல்லாமல் திறக்க முடியாது என்பதுதான் இந்தச் செயலிகளின் பொதுவான வழக்கம், ஆகவே தயங்காமல் மூடலாம். ஹோஸ்ட் கவனிக்கவில்லை என்றால் யாராவது ஒருவர் பெயர் சொல்லிக் குறுக்கிட வேண்டும். கேட்டதைப் பற்றிப் பேசக் கூடாது. அந்தத் துண்டை வெட்டி வேறு குழுக்களில் சுற்றவிடுவது, நான் பார்த்தவரை, மைக்கில் விழுந்த வார்த்தையைவிட அதிகக் காயத்தை உண்டாக்குகிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேட்டுவிட்டது குழந்தை அழுகையோ, கதவு மணியோ, தும்மலோ என்றால் "மன்னிக்கவும்" என்று ஒரு வார்த்தை போதும், நீட்டி விளக்கினால்தான் கூட்டம் தடம் மாறும். உங்களுடையது ஒரு மனிதரைப் பற்றிய பேச்சு, அது தனியாகப் பேசித் தீர்க்க வேண்டியது. கார்டன் பிரவுன் அன்றைக்கே அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நாள் கடந்தால் சங்கடம் இரண்டு பக்கமும் கெட்டியாகிவிடும். குழு அரட்டையில் எழுதாதீர்கள், அதனால் கேட்காதவர்களுக்கும் தெரிந்துவிடும். "மைக் திறந்திருந்தது தெரியவில்லை" என்று தொடங்காதீர்கள். அது சொன்னதற்கான மன்னிப்பாக இருக்காது, மாட்டிக்கொண்டதற்கான வருத்தமாகத்தான் அவர் காதில் விழும். வேறு யாரையோ சொன்னேன் என்று சமாளிக்கவும் வேண்டாம், நாற்பது பேர் கேட்ட பிறகு அது நிற்காது. "சார், கூட்டத்தில் உங்களைப் பற்றி நான் சொன்னது மரியாதைக் குறைவு. எல்லோர் முன்னாலும் அது உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கும். மன்னிச்சிடுங்க" என்பதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அவர் சிரித்து விட்டுவிடலாம், கோபமாகவும் இருக்கலாம், இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற உங்கள் குறையில் நியாயம் இருக்கலாம். அதை மன்னிப்போடு கலக்காமல், சில வாரம் கழித்துக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் பற்றிய யோசனையாகச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கூட்டம் பதிவானதா என்று ஏற்பாடு செய்தவரிடம் இன்றே கேளுங்கள். பதிவு இருந்தால் அந்தச் சில நொடிகளை வெட்டித் தரும்படி கேட்கலாம், முடிவு அவருடையது. காணொளியை வெட்டினால் எழுத்துப் பிரதியிலிருந்து வரி தானாகப் போய்விடும் என்று எண்ணிவிடாதீர்கள், அது பெரும்பாலும் தனிக் கோப்பு, தானாகத் தயாராகும் கூட்டச் சுருக்கம் இன்னொன்று. மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.